நண்பகல் வரை அரைக்கம்பம்

நீலப் பட்டி – 6

சென்ற இதழில் நியூபவுண்ட்லாந்து ரெஜிமென்ட்டை கலிப்போலிக் கரையில் விட்டுவிட்டு வந்தோம். 1915 நவம்பர் கடைசியில் அடித்த புயலில் சுவ்லா விரிகுடாவின் பதுங்குகுழிகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அடுத்து வந்த உறைபனியில் அந்த வெள்ளமே பனிக்கட்டியாயிற்று. ஒரு குண்டும் படாமலேயே பலர் கால் விறைத்து மருத்துவக் கப்பலுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். 1916 ஜனவரியில் ஹெல்லஸ் முனையைக் காலிசெய்த கடைசிப் படைகளோடு இவர்களும் கப்பலேறினார்கள். எகிப்தில் சில வாரங்கள் வெயில் காய்ந்தார்கள். மார்ச் மாதம் பிரான்ஸ் வந்து சேர்ந்தார்கள்.

தொடரை இப்போதுதான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 1914இல் நியூபவுண்ட்லாந்து கனடாவின் பகுதி அல்ல. தனக்கென நாடாளுமன்றமும் பிரதமரும் வைத்திருந்த தனி டொமினியன். மக்கள்தொகை சுமார் 2,40,000. காட் மீன், சீல் வேட்டை, மரம்வெட்டு ஆகியவைதான் பிழைப்பு. 1870இல் பிரிட்டிஷ் காவற்படை ஊர் திரும்பிய பிறகு அந்தத் தீவில் படை என்று ஒன்று இருந்ததில்லை. போர் மூண்டதும் ஆளுநர் டேவிட்சன் 500 பேரை அனுப்புகிறோம் என்று லண்டனுக்கு வாக்குக் கொடுத்தார். ஆங்கிலிகன், கத்தோலிக்க, மெதடிஸ்ட் சபைகள் தனித்தனியே நடத்திவந்த சிறுவர் படைகளில் அணிவகுக்கக் கற்றிருந்த பையன்களே முதலில் வந்து பெயர் கொடுத்தார்கள். குவிடி விடி ஏரிக்கரையில், பிளசன்ட்வில் என்ற இடத்தில் கூடாரம் அடித்துப் பயிற்சி. காலில் சுற்றும் பட்டிக்குக் காக்கித் துணி அகப்படவில்லை. கைக்குக் கிடைத்த நீலத்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார்கள். 'நீலப் பட்டிக்காரர்கள்' என்ற பெயர் அப்படி வந்தது. அந்தக் காலுறைக்கு ஆங்கிலேயர் சொன்ன 'புட்டீஸ்' என்ற சொல்லே நம் நாட்டுப் 'பட்டி'யிலிருந்து போனதுதான். 1914 அக்டோபரில் 'ஃப்ளோரிசல்' என்ற கப்பலில் அவர்கள் புறப்பட்டார்கள். சீல் வேட்டைக்குப் பனிக்கடலை உடைத்துச் செல்லும் கப்பல் அது.

அந்த ரெஜிமென்ட் இன்றும் இருக்கிறது. கனடா ராணுவத்தின் சேமப்படையில், வாரவிடுமுறைகளில் சீருடை அணியும் ஊர்க்காரர்களின் படையாக இருக்கிறது. அவர்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள் ஒன்று உண்டு. அது வென்ற நாள் அல்ல. இந்த அத்தியாயம் அந்த ஒரு நாளைப் பற்றியது.

1916 ஜூலை 1, சனிக்கிழமை. வடபிரான்சில் சாம் நதிக்கு வடக்கே போமோன் ஆமெல் என்ற சிற்றூர். அதற்கு எதிரே பிரிட்டிஷ் 29ஆவது டிவிஷன். அதன் 88ஆவது பிரிகேடில் நியூபவுண்ட்லாந்துக்காரர்கள். ஒரு வாரமாகப் பீரங்கிகள் ஜெர்மானியர்களின் அரணை இடித்துக்கொண்டிருந்தன. எதிரில் ஒரு எலிகூட உயிரோடு இருக்காது என்றுதான் மேலிடம் நம்பியது. ஆனால் எதிரே இருந்தவர்கள் சுண்ணாம்புப் பாறைக்குள் ஆழமாகக் குடைந்த அறைகளில் பத்திரமாக இருந்தார்கள். அவர்கள் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் நாட்டு 119ஆவது சேமக் காலாட்படை ரெஜிமென்ட். அங்கேயும் சேமப்படைதான் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வயலையும் கடையையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்தப் பக்கத்திலும் இருந்தார்கள்.

காலை 7:20க்கு ஹாதார்ன் மேட்டின் அடியில் புதைத்திருந்த பெருவெடி வெடித்தது. தாக்குதல் தொடங்க வேண்டிய நேரம் 7:30. பத்து நிமிட இடைவெளி. அந்தப் பத்து நிமிடம் போதும், பாதாள அறைகளிலிருந்து ஏறிவந்து இயந்திரத் துப்பாக்கிகளை நிலைநிறுத்த. முதல் அலையில் போன பட்டாலியன்கள் தங்கள் சொந்த முள்கம்பி வேலியைத் தாண்டுவதற்குள்ளேயே சரிந்தன. இரண்டாவது அலையும் அதே கதிதான். அந்த நேரத்தில் எதிர்வரிசையின் மேலே ஒரு வெள்ளை ஒளிக்குண்டு எழும்பியது. இலக்கைப் பிடித்துவிட்டோம் என்பதற்கு 29ஆவது டிவிஷன் வைத்திருந்த அடையாளமும் வெள்ளை ஒளிக்குண்டுதான். அந்தக் குண்டைச் சுட்டவர்கள் ஜெர்மானியர்கள். தங்கள் பீரங்கிகளுக்கு அவர்கள் கொடுத்த அடையாளம் அது. பின்னாலிருந்த தலைமையகத்தில் அதை வெற்றிச் செய்தியாகப் படித்தார்கள்.

8:45க்குத் தொலைபேசியில் உத்தரவு வந்தது. நியூபவுண்ட்லாந்து ரெஜிமென்ட்டும் எசெக்ஸ் ரெஜிமென்ட்டும் உடனே முன்னேற வேண்டும். கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் ஹேடோ, எதிரியின் முன்வரிசை பிடிபட்டுவிட்டதா என்று கேட்டார். நிலைமை தெளிவாகவில்லை என்று பதில் வந்தது. எசெக்ஸ் வரும்வரை காத்திருக்கவா என்று கேட்டார். வேண்டாம், தயாரானதும் தனியாகவே புறப்படு என்று பதில்.

அவர்கள் இருந்தது மூன்றாம் வரிசையில். அந்தக் குழிக்கு அவர்களே ஊர் நினைவாக 'செயின்ட் ஜான்ஸ் சாலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கிருந்து முன்வரிசைக்குப் போகும் இணைப்புக் குழிகளில் பிணங்களும் காயம்பட்டவர்களும் அடைத்துக்கொண்டு கிடந்தார்கள். எசெக்ஸ் படை அதற்குள் சிக்கித் தாமதமானது. எனவே ஹேடோ வெட்டவெளியில் ஏறிப் போகச் சொன்னார். 9:15க்கு சுமார் 800 பேர் குழியை விட்டு மேலே ஏறினார்கள். தங்கள் முன்வரிசையை அடையவே 200 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். வழியில் அவர்களுடைய சொந்த முள்கம்பி வேலிகள். அவற்றில் முன்கூட்டியே வெட்டி வைத்த இடைவெளிகள். அந்த இடைவெளிகளின்மேல் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள் ஏற்கெனவே குறிவைத்திருந்தன. அந்த நிமிடத்தில் அந்தப் பகுதியில் அசைந்துகொண்டிருந்த மனிதர்கள் இவர்கள் மட்டும்தான். தங்கள் பீரங்கிப்படையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று முதுகுப்பையில் தைத்திருந்த தகர முக்கோணம் காலை வெயிலில் பளபளத்தது.

பார்த்தவர்கள் சொல்லிவைத்த ஒரு காட்சி நூறாண்டு தாண்டியும் அந்தத் தீவில் சொல்லப்படுகிறது. எதிரி சுடும்போது அவர்கள் ஓடவில்லை, படுக்கவில்லை. தாடையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு சாய்ந்து நடந்தார்களாம். ஊரில் பனிப்புயல் எதிரே அடிக்கும்போது எப்படி நடப்பார்களோ அப்படி. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மனத்தை விட்டு அகலாத வரி இதுதான். அவர்கள் உடம்பு ஊரில் பழகியிருந்த பெரிய ஆபத்து பனிக்காற்றுதான். புதிய ஆபத்தையும் அது அந்தப் பழக்கத்திலேயே எதிர்கொண்டது.

சரிவின் பாதிவழியில் இலையற்ற ஒரு மரம் நின்றது. பிற்பாடு அதற்கு 'அபாய மரம்' என்று பெயர். அதைத் தாண்டியவர்கள் மிகச் சிலர். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போன அதிகாரிகளில் சாகாமலோ காயம்படாமலோ திரும்பியவர் ஒருவரும் இல்லை. ஹேடோ பிரிகேட் தலைமையகத்துக்குப் போய்த் தன் படை அழிந்துவிட்டதென்று சொன்னார். மிச்சமுள்ளவர்களைத் திரட்டி மறுபடி தாக்கு என்றார்கள். நல்லவேளையாக வேறொரு மூத்த அதிகாரி அந்த உத்தரவை ரத்துசெய்தார். காயம்பட்டவர்கள் வெயிலில் இரு வேலிகளுக்கிடையே கிடந்து, இரவில் ஊர்ந்து வந்தார்கள். மறுநாள் காலை பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர்.

324 பேர் இறந்தவர்களும், காணாமற்போய் இறந்ததாகக் கொள்ளப்பட்டவர்களும். 386 பேர் காயமடைந்தவர்கள். டிவிஷன் தளபதி டி லிஸ்ல் நியூபவுண்ட்லாந்து பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இறந்தவர்களால் மேற்கொண்டு முன்னேற முடியாது என்பதால் மட்டுமே அந்தத் தாக்குதல் தோற்றது என்ற பொருளில் அமைந்த அவருடைய வாக்கியம் பிறகு எல்லா மேடைகளிலும் ஒலித்தது. அந்த 800 பேரின் வீரத்தைப் பற்றி எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் நிலைமை தெளிவாகவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே புறப்படு என்றவர்களுக்கு அந்த வீரம் கேடயமாகக் கூடாது. அந்த உத்தரவு பிழை. தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதே பிழை என்று தெரிந்திருக்க வேண்டிய பிழை.

செயின்ட் ஜான்ஸ் நகருக்குச் செய்தி ஒரேயடியாக வரவில்லை. ஜூலை முழுக்கப் பெயர்ப்பட்டியல் துண்டு துண்டாகத் தந்தியில் வந்தது. அங்கே ஒரு பெயரைப் படித்தால் அது யார் பிள்ளை, எந்தத் தெரு, எந்தச் சபை என்று படிப்பவருக்குத் தெரியும். ஏர் என்ற வணிகக் குடும்பத்தில் அண்ணன் தம்பியும் ஒன்றுவிட்ட சகோதரர்களுமாக நான்கு பேர் அந்த ஒரே நாளில் இறந்தார்கள். மூவர் இந்த ரெஜிமென்ட்டில், ஒருவர் இங்கிலாந்தின் நார்ஃபோக் ரெஜிமென்ட்டில். சாம்பல்நிறக் கம்பளிக் காலுறை பின்னி மூட்டை மூட்டையாகப் போர்முனைக்கு அனுப்பிக்கொண்டிருந்த பெண்கள் சங்கத்தில், யாருக்காகப் பின்னுகிறோம் என்ற கேள்வி அந்த மாதம் பல வீடுகளில் எழுந்திருக்கும்.

ஓராண்டு கழிந்தது. போர் முடியவே இல்லை. ஆனாலும் 1917 ஜூலையில் நினைவுநாள் கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வெற்றி வரட்டும், பிறகு தூண் எழுப்பலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சட்டையில் குத்திக்கொள்ள நீலநிறச் சிறு பூ ஒன்று வழக்கத்துக்கு வந்தது. 'என்னை மறவாதே' என்று பெயர் பெற்ற பூ. உலகப்போர் நினைவுக்குச் சிவப்புப் பாப்பி உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். இன்றும் நவம்பர் 11க்குப் பாப்பி, ஜூலை 1க்கு இந்த நீலப்பூ என்று அந்தத் தீவு இரண்டையும் வைத்திருக்கிறது.

போருக்குப் பிறகு நடந்ததில் ஒரு மனிதரைச் சொல்லாமல் நகர முடியாது. ரெஜிமென்ட்டின் கத்தோலிக்கப் பாதிரியார் தாமஸ் நேங்கல். குண்டுமழையில் வீரர்களோடு இருந்தவர். போர் முடிந்ததும் கல்லறைப் பதிவு வேலை அவரிடம் வந்தது. எலும்புகளைத் தேடி, அடையாளம் கண்டு, அடக்கம் செய்து, பெற்றோருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஒரு எண்ணம். தாக்குதல் நடந்த நிலத்தையே வாங்கிவிட வேண்டும். நிலமோ துண்டு துண்டாகப் பிரெஞ்சு விவசாயிகள் ஏறத்தாழ 250 பேருக்குச் சொந்தம். ஒவ்வொருவரிடமும் பேசி வாங்கினார். பணம் நியூபவுண்ட்லாந்து அரசும் அந்த நாட்டுப் பெண்களும் திரட்டியது. 74 ஏக்கர்.

நேங்கல் கேட்டது ஒரு தூண் அல்ல, ஒரு பாதை. ரெஜிமென்ட்டின் சின்னம் கரிபூ மான். போமோன் ஆமெல், கூடகூர், மோன்ஷி லெ ப்ரூ, மாஸ்னியேர் என்று பிரான்சில் நான்கு இடங்களிலும், பெல்ஜியத்தில் கூர்த்ரேயிலும் வெண்கலக் கரிபூ சிலைகள் எழுந்தன. ஐந்தும் பேசில் காட்டோ என்ற ஆங்கிலச் சிற்பி ஒரே அச்சில் வார்த்தவை. ஆறாவது செயின்ட் ஜான்ஸின் பவுரிங் பூங்காவில் நிற்கிறது. கலிப்போலி மட்டும் நெடுங்காலம் விடுபட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அங்கும் ஒரு கரிபூ போய்ச் சேர்ந்தது. போமோன் ஆமெல் பூங்காவை அமைத்தவர் ருடால்ஃப் கோசியஸ் என்ற டச்சுத் தோட்டக்கலைஞர். பதுங்குகுழிகளைத் தூர்க்காமல் அப்படியே விட்டார். மேட்டின்மேல், நியூபவுண்ட்லாந்தில் விளையும் செடிகளுக்கு நடுவே, மான் தலையை உயர்த்தி எதிரியின் பக்கம் பார்த்து நிற்கிறது. பீடத்தில் உள்ள வெண்கலத் தகடுகளில், கல்லறை தெரியாத 800க்கும் மேற்பட்ட படைவீரர்கள், கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள். வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் கிடப்பதால் இன்றும் வேலியிட்ட பகுதிகள் உண்டு. அங்கெல்லாம் புல்லை ஆடுகள்தான் மேய்கின்றன. கனடாவிலிருந்து வரும் மாணவர்கள் வழிகாட்டிகளாக நின்று குழிகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அந்தச் சரிவில் இறந்தவர்களில் பலர் அவர்களின் வயதுக்காரர்கள்.

செயின்ட் ஜான்ஸில் தேசியப் போர் நினைவுச்சின்னம் 1924 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. 1925 ஜூன் 7 அன்று போமோன் ஆமெல் பூங்கா. இரண்டையும் திறந்துவைத்தவர் ஃபீல்ட் மார்ஷல் ஹேக். சாம் தாக்குதலுக்கு உத்தரவிட்ட தலைமைத் தளபதி அவரே. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் செயின்ட் ஜான்ஸ் கூட்டத்தில் நின்று அவர் பேச்சைக் கேட்டார்கள். மரியாதையோடுதான் கேட்டார்கள். அந்த மரியாதையை எப்படிப் புரிந்துகொள்வது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பிள்ளை செத்தது வீணில்லை என்று சொல்ல அந்த நாட்டில் அவரைவிடப் பெரிய சாட்சி அன்று வேறு யாரும் இல்லை. அதனால் இருக்கலாம். அதே 1925இல் இறந்தவர்களின் நினைவாக ஒரு கல்லூரியும் திறந்தார்கள். பெயரே நினைவுக் கல்லூரி. இன்று அது பல்கலைக்கழகம்.

நினைவுச்சின்னங்கள் எழுந்தன, நாடு நிற்கவில்லை. அந்த ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர்கள் 6,000க்கும் மேல். இறந்தவர்கள் சுமார் 1,300. இவ்வளவு சிறிய நாடு அந்தப் படையின் செலவையும், பிறகு ஓய்வூதியங்களையும் கடன் வாங்கிச் சுமந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது தாங்க முடியவில்லை. 1934இல் நாடாளுமன்றத்தை மூடிவிட்டு லண்டன் நியமித்த ஆணையத்தின் ஆட்சிக்குக் கீழ் போயிற்று. 1948இல் பொது வாக்கெடுப்பு. கனடாவோடு சேரலாம் என்றவர்கள் 52 சதவீதத்துக்குச் சற்றே மேல். 1949 மார்ச் 31 நள்ளிரவுக்குச் சற்று முன் நியூபவுண்ட்லாந்து கனடாவின் பத்தாவது மாகாணம் ஆனது.

சேர்ந்த இடத்தில் ஒரு சிக்கல். கனடாவின் பிறந்தநாள் ஜூலை 1. வேறு எந்த நாளாக இருந்தாலும் ஒத்துப்போயிருக்கும். பெரிய நாட்டின் விழாவில் சிறிய தீவின் துக்கம் கரைந்துபோயிருக்கலாம். கரையவில்லை. அன்று காலை அங்கே கொடி அரைக்கம்பத்தில். நினைவுச்சின்னத்தின் முன் அணிவகுப்பு, மலர்வளையம், மௌனம். நண்பகலில் கொடி மேலே ஏறும். அதற்குப் பிறகுதான் பாட்டும் கேக்கும் வாணவேடிக்கையும். இன்றும் இந்த ஒழுங்கு தொடர்கிறது. ஒரே நாளில் இரண்டையும் செய்ய முடியும் என்று அந்த மக்கள் காட்டியிருக்கிறார்கள்.

காலை அணிவகுப்பின் நடுவில் நடப்பது ராயல் நியூபவுண்ட்லாந்து ரெஜிமென்ட். 1917இல் ஈப்ரிலும் காம்ப்ரேயிலும் போரிட்டதற்காக மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் 'ராயல்' பட்டம் தந்தார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பட்டம் பெற்ற படைப்பிரிவு இது ஒன்றுதான். 1919இல் கலைக்கப்பட்டு, கனடாவோடு சேர்ந்த 1949ஆம் ஆண்டிலேயே சேமப்படையாக மறுபிறவி எடுத்தது. இரண்டு பட்டாலியன்கள். முதலாவது செயின்ட் ஜான்ஸில். இரண்டாவது தீவின் நடுவிலும் மேற்கிலும், கார்னர் புரூக், கிராண்ட் ஃபால்ஸ் பக்கம். முழுநேர வேலை வெளியே. மாலைகளிலும் வாரவிடுமுறைகளிலும் பயிற்சி. அழைப்பு வந்தபோது போஸ்னியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போனவர்கள் இவர்களில் உண்டு. செயின்ட் ஜான்ஸ் ராணுவத் தளம் இப்போது இருப்பது பிளசன்ட்வில்லில். நீலப் பட்டிக்காரர்கள் கூடாரம் அடித்த அதே ஏரிக்கரைப் பகுதி.

2020 ஜனவரி 17 அன்று செயின்ட் ஜான்ஸ் விமான நிலையத்தில் ஒரே நாளில் 76.2 சென்டிமீட்டர் பனி விழுந்தது. கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். நகரத்தில் அவசரநிலை. ராணுவ உதவி கேட்டார்கள். வெளியிலிருந்து விமானங்கள் இறங்குவதற்குள் களத்தில் நின்றவர்களில் உள்ளூர்ச் சேமப்படையினரும் இருந்தார்கள். தங்கள் வீட்டு வாசலையும் அதே பனி மூடிக் கிடக்க, மண்வாரியோடு முதியவர்களின் வாசலைத் திறந்துவிடப் போனார்கள்.

நேங்கலின் வேலையில் ஒன்று மட்டும் நூறாண்டு பாக்கி இருந்தது. பெயர் தெரியாத ஒருவரையாவது ஊருக்குக் கொண்டுவருவது. போரில் இறந்தவர்களை விழுந்த நாட்டிலேயே அடக்கம் செய்வது பேரரசின் விதி. அதனால் நியூபவுண்ட்லாந்துத் தாய் ஒருத்திக்கும் மகனின் உடல் திரும்பவில்லை. 2024 மே 25 அன்று போமோன் ஆமெல் பூங்காவில், வெண்கல மானின் கீழே, வடபிரான்ஸ் கல்லறை ஒன்றிலிருந்து எடுத்த அடையாளம் தெரியாத நியூபவுண்ட்லாந்து வீரர் ஒருவரின் எச்சம் ஒப்படைக்கப்பட்டது. விமானத்தில் செயின்ட் ஜான்ஸ் வந்தது. ஜூன் கடைசி மூன்று நாள் மாகாண அரசு மாளிகையில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஜூலை 1 அன்று, நினைவுச்சின்னத்தின் நூறாவது ஆண்டு நாளில், அதன் அடியிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் பெயரைக் கண்டுபிடிக்க முயல்வதில்லை என்பது முடிவு. எனவே அந்தத் தீவில் உடல் கிடைக்காத ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் தங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

மீண்டும் 1916க்கு. மிஞ்சிய 68 பேரோடு புதிய ஆட்களைச் சேர்த்து ரெஜிமென்ட் மறுபடி முனைக்குப் போனது. அடுத்த இதழில் மோன்ஷி லெ ப்ரூ: 1917 ஏப்ரல் 14, ஒரு கிராமத்தின் ஓரம், பத்துப் பேர்.

(தொடரும்)